என் பெயரில் இருந்த நோய்

என் தம்பி கதிர்வேல் ஒரு பொய்யினால் இறந்தான். ஆகவே அவனைப் பற்றிய இக்குறிப்பில் இன்னொரு பொய் நுழைவதை நான் பொறுக்கமாட்டேன். அவன் மறைந்த நாள்தொட்டுத் திண்டிவனத்தில் மூன்று கதைகள் உலவுகின்றன. குடித்துக் குடித்து ஈரல் கெட்டான் என்பது ஒன்று. அரசு மருத்துவமனையில் கவனிப்பாரின்றிப் போட்டுவிட்டார்கள் என்பது மற்றொன்று. அவன் சமைத்த விருந்தை உண்டவர்களுக்கெல்லாம் அவன் நோய் தொற்றும் என்பது மூன்றாவது. மூன்றையும் சொல்லித் திரிபவர்கள் அவன் கைச்சோற்றை உண்டவர்களே.

எனவே நான் கண்ணால் கண்டவை, தாளில் எழுதப்பட்டிருப்பவை, சொன்னவரிடமே இரண்டாம் முறை கேட்டு உறுதிசெய்துகொண்டவை ஆகியவற்றை மட்டுமே இங்கு எழுதுகிறேன். ஊகங்களை நீக்கிவிட்டேன். ஆறுதலுக்காகப் பிறர் சொன்னவற்றையும் நீக்கிவிட்டேன். எஞ்சியிருப்பது எனக்குப் பெருமை தருவதன்று.

எங்கள் தந்தை திண்டிவனத்தில் ஓர் அரிசி ஆலையில் மூட்டை சுமந்தவர். நான் தமிழ் படித்து ஆசிரியனாகி விழுப்புரத்தில் குடியேறினேன். கதிர் ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டுத் திருமண மண்டபமொன்றில் பாத்திரம் துலக்கப் போனான். பிறகு காய் நறுக்கினான்; பிறகு அடுப்படியில் நின்றான்; முப்பது வயதிற்குள் சொந்த அண்டாக்களும் ஒரு சிறு சரக்கு வண்டியும் பதினொரு ஆட்களும் உடைய சமையல் ஒப்பந்தக்காரன் ஆனான். ஊர் அவனைக் கதிர் மாஸ்டர் என்றது. "எனுக்கு நான்தாண்ணா மொதலாளி" என்று சொல்லிச் சிரிப்பான். விடுப்புக் கொடுக்க ஒருவரும் இல்லாத வேலையாள் என்றும் அதற்குப் பொருள் உண்டு என்பதை நாங்கள் எண்ணிப் பார்க்கவில்லை.

அத்தொழிலில் தாம்பூலம் வாங்குவது என்று ஒரு வழக்கம் உண்டு. பெண்வீட்டார் தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து, நாளைச் சொல்லி, சமையல்காரரிடம் நீட்டுவார்கள். அதைக் கையில் வாங்கியபின் அந்த நாள் அவருடையதன்று. வீட்டில் சாவு விழுந்தாலன்றி விலகக் கூடாது. காய்ச்சல், கால்முறிவு எதுவும் காரணம் ஆகாது. இத்தனை ஆண்டுகளில் கதிர் ஒரு தாம்பூலத்தையும் திருப்பியதில்லை.

இன்னொரு பழக்கம் அவனுக்கே உரியது. பந்தி தொடங்குமுன் எதையும் நாவில் வைத்துப் பார்க்கமாட்டான். கொதிக்கும் அண்டாவின்மேல் குனிந்து ஆவியை நெஞ்சு நிறைய இழுப்பான். "ஒரு கை போடு" என்பான், அல்லது "போதும்" என்பான். உப்பை மூக்கால் அறிந்தவன் அவன். மிளகாய் நெடியும் விறகுப்புகையும் அவ்வாறே உள்ளே போயின. அப்படிப்பட்டவன் இருமினால் யாருக்கு ஐயம் எழும்? "தாளிப்புக் கமறல்" என்றான். நாங்களும் அதையே திருப்பிச் சொன்னோம்.

சென்ற வைகாசியில் கூட்டேரிப்பட்டில் ஒரு திருமணம். நானும் அப்பந்தியில் அமர்ந்தேன். சாம்பாரில் உப்பில்லை. எதிர் வரிசையிலிருந்த ஒருவர் உரக்கக் கேட்டார்: "இன்னா மாஸ்டரு, மாப்ள வூட்டுக்காரன் உப்பு தின்னா ரோஷம் வந்துரும்னு வுட்டுட்டியா?" பந்தி முழுவதும் சிரித்தது. கதிரும் சிரித்தான். நான் கைகழுவச் சென்றபோது சமையற்கட்டில் அவனைக் கண்டேன். அண்டாவின்மேல் குனிந்தான், இருமல் அவனைப் பின்னால் தள்ளியது. மீண்டும் குனிந்தான், மீண்டும் தள்ளியது. சட்டை தோளில் தொங்கியது. நான் கண்டேன். கண்டுவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டு பேருந்து ஏறினேன்.

ஆனி பிறந்ததும் காய்ச்சல் மிகுந்தது. திண்டிவனத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தார்கள். அதன் பெயரை எழுதப்போவதில்லை, குற்றம் அவர்களுடையதன்று. ஊடுகதிர்ப் படத்தில் வலது நுரையீரலின் மேற்பாதி வெண்மையாக இருந்தது. காற்று நிறைந்த நுரையீரல் அப்படத்தில் கருமையாகத் தெரிய வேண்டும். வெண்மை என்றால் அங்கே காற்றுக்கு மாறாகச் சீழோ நீரோ இருக்கிறது என்று பொருள். நுரையீரல் அழற்சியாக இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம் என்ற மருத்துவர் கதிரை நேராக நோக்கிக் கேட்டார்:

"முன்ன எப்பவாவது டி.பி.க்கு மாத்திரை சாப்ட்டிருக்கீங்களா?"

கதிர் சுவரைப் பார்த்துக்கொண்டு தலையசைத்து இல்லை என்றான். அவன் மனைவி மல்லிகா அவன் போர்வையை இழுத்துவிட்டாள். கேட்கப்படாமலே நான் விடையளித்தேன்: "எங்கள் குடும்பத்தில் அந்நோய் எவருக்கும் இருந்ததில்லை, ஐயா." அவ்வளவு தெளிவாக, அவ்வளவு உறுதியாகச் சொன்னேன். அந்த உறுதி அவனுடைய ஐந்து நாள்களைத் தின்றது. அழற்சிக்கான மருந்தை ஊசி வழியே ஏற்றிக்கொண்டேயிருந்தார்கள், காய்ச்சல் அசையவில்லை. கையுறைக்கும் பஞ்சுக்கும் தனித்தனி வரியிட்ட விலைச்சீட்டு நாள்தோறும் வந்தது. அதன்மேல் சினந்தேன். சினக்க வேண்டிய இடம் அதுவன்று என்பது எனக்கு அப்போது தெரியாது.

அந்த ஐந்து நாளும் கைபேசி ஓயவில்லை. ஆவணியில் பெண்ணுக்குத் திருமணம் வைத்திருந்த ஒருவர் நாளுக்கு இரண்டுமுறை அழைத்தார். "மாஸ்டரு எங்கம்மா?" என்பார். மல்லிகா படுக்கையருகே நின்றபடியே, "திருப்பதி போய்க்கிறாருங்க" என்பாள். அப்போது கதிரின் மூக்கில் உயிர்வளிக் குழாய் இருந்தது. "வருவாரா மாட்டாரா, ஜல்தியா ஒரே வார்த்தை சொல்லுங்க" என்றார் அழைத்தவர் நான்காம் நாள். மல்லிகா கைபேசியை என்னிடம் நீட்டினாள். நானும் திருப்பதி என்றேன். நாற்பது ஆண்டுகளாகச் சொல்லில் பிழை பார்த்தவன் பொருளில் பிழை செய்தேன். கதிர் கட்டைவிரலை உயர்த்தி என்னைப் பாராட்டினான்.

ஆறாம் நாள் உயிர்வளியின் அளவு இறங்கியது. அவசர ஊர்தியில் விழுப்புரம் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுவந்தோம். அங்கே அவன் சளியை எடுத்து ஒரு சிறு பொறிக்குள் இட்டார்கள். காசநோய்க் கிருமி இருக்கிறதா, இருந்தால் முதன்மையான மருந்துக்கு அது அடங்குமா என்ற இரண்டையும் அப்பொறி சில மணி நேரத்தில் சொல்லிவிடும். இருக்கிறது என்றது, அடங்காது என்றது.

பிற்பகலில் பதிவுக்காக என்னை ஓர் அறைக்கு அனுப்பினார்கள். மூக்கும் வாயும் மறைத்த ஒரு பெண் கணினி முன் இருந்தார். கதிரின் கைபேசி எண்ணைக் கேட்டார். சொன்னேன். எண்ணை அடித்தவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த நம்பரு ஏற்கெனவே இருக்குதே. ஆனா பேரு வேற. இளங்கோவன்னு இருக்குது. யாரு சார் அது?"

"நான்தான்," என்றேன்.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "சார், நீங்க... அன்னிக்கு வூட்டாண்ட வந்தேனே, என்னைத் திட்டி அனுப்புனீங்களே, அந்த சாரா?"

அந்த நாளை இப்போது எழுதியாக வேண்டும்.

கூட்டேரிப்பட்டுத் திருமணத்திற்கு முந்தைய புரட்டாசியில் இப்பெண் வண்டியில் என் வீட்டிற்கு வந்தார். பெயரைக் கேட்டார், சொன்னேன். அண்டை வீட்டாரை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, "மாத்திரை வாங்க வரலியே சார், அதான் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன். டி.பி. மாத்திரை" என்றார். எனக்கா காசநோய் என்று நான் கூவிய கூவலில் எதிர்வீட்டுக் கதவு திறந்தது. "பேரு, அட்ரஸு எல்லாம் இதாங்க சார். போன் நம்பருகூட இருக்குது, எடுக்க மாட்றாங்க. ஒரு தபா பாத்து உங்க நம்பரான்னு சொல்லிடுங்க" என்று தாளை நீட்டினார். உள்ளிருந்து என் மனைவி, "அந்த நம்பரத்தான் பாத்துடுங்களேன்" என்றாள். தாளைத் தொடவில்லை. தொட்டால் நோய் என்னுடையதாகிவிடும் என்பதுபோல் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன். கதவைச் சாத்தினேன்.

அத்தோடு நின்றேனா? அன்று மாலையே உரிய அலுவலருக்கு ஒன்றரைப் பக்கத்தில் முறையீடு எழுதினேன். ஒருவர் பெயரைப் பிறர் நோயோடு பிணைக்கும் பொறுப்பின்மையைக் கண்டித்து, அப்பதிவை நீக்குமாறு வேண்டினேன். படி என்னிடம் இருக்கிறது. ஒற்றுப்பிழைகூட இல்லாத கடிதம். அது வேலை செய்தது. இப்போது அப்பெண் திரையைத் திருப்பிக் காட்டினார்: முகவரி தவறு, பின்தொடர்தல் நிறுத்தப்பட்டது.

நடந்ததைத் தாள்களைக் கொண்டும் கதிரின் வாயால் கேட்டும் உறுதிசெய்துகொண்டேன். அந்தப் புரட்டாசிக்கு முந்தைய ஆடியில், முகூர்த்தம் இல்லாத மாதத்தில், திண்டிவனத்து ஆய்வகம் ஒன்றில் என் பெயரும் என் முகவரியும் கொடுத்துச் சளியைச் சோதித்திருக்கிறான். முடிவைத் தெரிவிக்க எண் வேண்டுமென்றதால் எண்ணை மட்டும் மாற்றமுடியாமல் தன்னுடையதைக் கொடுத்திருக்கிறான். அதே பெயரில் அங்கேயே வாங்கிய மாத்திரை ஆறு மாதம் உண்ண வேண்டியது. அதை விழுங்கினால் சிறுநீர் செம்மஞ்சளாகும், அதில் அச்சமில்லை. ஆனால் சிலருக்குக் குமட்டும். கதிருக்கு நெய் வாசனை ஆகவில்லை, தாளிப்பு ஆகவில்லை. ஆவணி பிறந்தது. தாம்பூலம் வாங்கிய நாள்கள் வரிசையில் நின்றன. குமட்டலோடு உப்பை எப்படி முகர்வது? ஆறு வாரத்தில் நிறுத்திவிட்டான். இருமல் தணிந்திருந்ததால் நோய் போய்விட்டது என்று நம்பினான். பாதியில் நிறுத்தினால் வலுவற்ற கிருமிகள் மாண்டிருக்கும், வலுவுள்ளவை எஞ்சியிருக்கும், எஞ்சியவை அம்மருந்தோடு வாழப் பழகிவிடும். மருந்துக்கு அடங்காத காசநோய் பெரும்பாலும் இவ்வாறே உருவாகிறது என்றார் மருத்துவர்.

அன்று மாலை அவன் படுக்கையருகே சென்றேன். நோயாளியிடம் கேட்கக்கூடாத குரலில் கேட்டேன்.

"ஏன் என் பெயர்?"

மூச்சு வாங்கி வாங்கிப் பேசினான். "வேற யாரு பேரு எனுக்கு அட்ரஸோட மனப்பாடமா தெரியும்? உனுக்கு டி.பி.ன்னா பென்சன நிறுத்திடுவானா? எனுக்கு டி.பி.ன்னா ஒருத்தன் எலைல உக்காருவானா?"

"வேறு ஊருக்குப் போயிருக்கலாமே."

"எந்த ஊரு? மயிலத்துலேந்து மரக்காணம் வரிக்கும் நான் ஆக்கிப் போடாத ஊரு இன்னா கீது? லேபுக்காரனுக்கு என் மூஞ்சி தெரியாது, பேரு தெரியும். கதிர் மாஸ்டரா, எங்க அக்கா கல்யாணத்துக்கு நீங்கதானேன்னுவான். நித்யாவுக்கு வேற எடம் பாத்துக்கினு இருக்கோம்."

நித்யா அவன் ஒரே மகள். காலடியில் அமர்ந்து ஆரஞ்சுச் சுளையின் நாரை உரித்துக்கொண்டிருந்தாள். அவள் நிமிரவில்லை.

"அந்தப் பெண் வந்துபோனதை உன்னிடம் தொலைபேசியில் சொன்னேனே. அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாமே?"

சொன்னது உண்மை. எனக்குக் காசநோயாம், கேட்டாயா என்று நகைத்தபடி அவனிடம்தான் முதலில் சொன்னேன். அவன், "ஆபீஸுக்காரனுங்க வேலையே அப்டித்தாண்ணா, உட்டுத் தள்ளு" என்றான்.

இப்போது அவன் கண்ணை மூடிக்கொண்டான். "நீ லெட்டரு எழுதிட்டேன்னு சொன்ன. போன்லயே படிச்சிக் காட்டன. எவ்ளோ குஷியா இருந்த தெரியுமா? இன்னான்னு சொல்றது."

நான் கத்தினேன். அவனை முட்டாள் என்றேன், கோழை என்றேன், தாம்பூலத்தட்டைத் தூக்கிச் சாக்கடையில் எறி என்றேன். செவிலியர் ஓடிவந்தார். அடுத்த படுக்கையில் தன் மைத்துனனுக்குத் துணையாக இருந்த கெடார் உழவர் ஒருவர் என் முழங்கையைப் பற்றினார். "வாத்தியாரே, கோவம் வந்தா வெளிய போய் கத்திட்டு வா. இங்க இருக்கறவங்களுக்கே காத்து பத்தல" என்றார். கதிர் சிரித்தான். சிரிப்பு இருமலாகி, நெடுநேரம் நிற்கவில்லை.

மல்லிகாவிடம் இரண்டு முறை கேட்டேன். இரண்டு முறையும் ஒரே விடை: "சத்து மாத்திரைன்னாரு மாமா. கேட்டா கோச்சிக்குவாரு." மூன்றாம் முறை கேட்கவில்லை.

அதன்பின் பதினொரு நாள்கள். புதிய மருந்துகள் தொடங்கின. காலையில் கையளவு மாத்திரை. ஒவ்வொன்றையும் அந்தப் பதிவுப் பெண் கண்முன் விழுங்கச் செய்தார். அவர் என்னிடம் ஒருநாளும் பழைய பேச்சை எடுக்கவில்லை. "சாப்ட்டீங்களா சார்?" என்று கேட்டுச் செல்வார். அக்கேள்வி எனக்கு அடியாக இருந்தது. கெடார்க்காரர் வேகவைத்த மல்லாட்டையை, எங்கள் பக்கத்து வேர்க்கடலையை, தாளில் மடித்துத் தருவார்; மின்விசிறி நின்றபோது கதிரின் ஊடுகதிர்ப் பட உறையாலேயே அவனுக்கு விசிறினார். ஆயிரம் இலைக்கு ஆக்கியவன் கேப்பைக் கூழ் இரண்டு கரண்டிக்குமேல் இறங்காமல் படுத்திருந்தான். மல்லிகா கூழைக் கொண்டுவரும்போது தூக்குச்சட்டியைத் திறந்ததும் மூக்கைக் காட்டுவான். "உப்பு தூக்கலு" என்பான். "டாக்டரு உப்பே வேணாம்னுட்டாரு, நான் போடவே இல்ல" என்பாள் அவள். "அப்ப மூக்கும் போச்சுடி" என்பான். இருவரும் சிரிப்பார்கள். நான் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம்.

பதினோராம் நாள் முற்பகல். இருமலோடு குருதி வந்தது. நோய் அரித்த குழியில் ஒரு குருதிக்குழாய் வெடித்தால் அவ்வாறு நேரும். மருத்துவர்களும் செவிலியரும் ஓடிவந்து செய்ய வேண்டியதனைத்தையும் செய்தார்கள். நான் பக்கத்தில் நின்று கண்டேன். ஆகவே கவனிப்பாரின்றிப் போட்டார்கள் என்பது பொய். கால்மணி நேரத்தில் முடிந்தது. சட்டைப்பையில் அவன் எழுதிவைத்த நாள்காட்டித் தாள் இருந்தது. ஆவணியில் நான்கு நாள்களைச் சுற்றி வட்டமிட்டிருந்தான். வீட்டில் சாவு விழுந்ததால் அந்த நான்கிலிருந்தும் அவன் முறைப்படி விலகலாம்.

குடும்பத்தாரையும் ஆட்களையும் சோதித்தார்கள். மல்லிகாவுக்கும் நித்யாவுக்கும் நோயில்லை. பதினொரு ஆட்களில் பதின்மர் வந்தார்கள், அவர்களுக்கும் இல்லை. ஒருவர் வரவில்லை. வேறொரு மாஸ்டரோடு வேலைக்குப் போய்விட்டார். அவர் அஞ்சியதும் கதிர் அஞ்சியதையே.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், கூட்டேரிப்பட்டுத் திருமணத்தை நடத்தியவர் அழைத்தார்.

"சார், கேள்விப்பட்டோம். எங்க வூட்டு விசேஷத்துல அவருதானே ஆக்குனாரு. சாப்ட்டவங்களுக்கு ஏதாச்சும் வந்துருமா?"

"சோற்றில் பரவாது. மூடிய இடத்தில், நெடுநேரம் அருகிலிருப்பவர்களுக்கு, இருமும் காற்றில் பரவும். முறையாக மாத்திரை உண்டால் சில வாரங்களில் அதுவும் பெரும்பாலும் நின்றுவிடும்."

"அட, அவ்ளோதானா? மொதல்லயே சொல்லிக்கலாமே சார் அவரு. நாங்க இன்னா சொல்லப்போறோம்?"

"சொல்லியிருந்தால் அவருக்குத் தாம்பூலம் கொடுத்திருப்பீர்களா?"

"அது வந்து சார்..." என்றார். நான் காத்திருந்தேன். இணைப்பைத் துண்டித்துவிட்டார். அவர் பெயரை நான் அறிவேன், எழுதவில்லை. அவரைப் போன்றவர் ஒருவரல்லர். கதிர் பொய் சொன்னது அவர்களுக்கு அஞ்சி. அப்பொய்யை அரசுப் பதிவேட்டில் மெய்யாக்கிக் கொடுத்தது என் கடிதம். அவர்கள்மேலும் என்மேலும் எனக்குச் சினம் உண்டு. எவர்மேல் மிகுதி என்று கேட்டால் விடை நாளுக்கு நாள் மாறுகிறது.

என் முறையீட்டைத் திரும்பப் பெறுவதாகவும், அப்பதிவின் நோய் மெய், எண் மெய், பெயரே பொய் என்றும், நோயாளி என் உடன்பிறந்தவன் என்றும், தேடிவந்த பணியாளர் தம் கடமையைச் சரியாகவே செய்தார் என்றும் அந்த அலுவலருக்கு இரண்டாம் கடிதம் எழுதினேன். நான்கு வரி. இதை யாருக்கும் படித்துக் காட்டவில்லை.

தெரியாதவை இவை. மல்லிகா அறிந்திருந்தாளா என்பது தெரியாது. வராத அந்த ஆளுக்கு நோய் உண்டா என்பது தெரியாது. புரட்டாசியில் அந்தத் தாளை வாங்கி எண்ணைப் பார்த்திருந்தால் கதிர் பிழைத்திருப்பானா என்று மருத்துவரிடம் கேட்டேன். "சொல்ல முடியாது சார்" என்றார். இரண்டாம் முறையும் கேட்டேன். அதையே சொன்னார். பிழைத்திருப்பான் என்பதை என்னிடம் சொல்ல மனமின்றி அவ்வாறு சொன்னார் என்று எழுதியிருந்தேன். அது ஊகம். அந்த வரியை அடித்துவிட்டேன். தெரியாது.